மில்வாக்கி: ஏரிக்கரையில் ஒரு பட்டறை ஊர்

பெருந்துறையைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டது இது: "மெக்கானிக்கல் படித்துவிட்டு கோவையில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். என்னை அமெரிக்காவில் மில்வாக்கிக்கு அனுப்பப்போகிறார்கள். ஏரிக்கரைத் துறைமுக நகரம் என்கிறார்கள். ஏரியில் எப்படித் துறைமுகம்? பியர் ஊர் என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அது எப்படிப்பட்ட ஊர்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்."

தம்பி, கோவையில் கணபதிப் பக்கம் வார்ப்புத் தொழிலில் இருந்தவன் நான். சரக்கு விஷயமாக அந்த ஊருக்குப் போய்வந்த பழக்கம் உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஏரி. உக்கடம் பெரியகுளத்தையும் சிங்காநல்லூர்க் குளத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போய் இறங்காதீர்கள். மிச்சிகன் ஏரி வடக்குத் தெற்காக 490 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற தூரம் கிட்டத்தட்ட. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆழம் அதிகபட்சம் 281 மீட்டர். மேற்குக் கரையில் நிற்கிற மில்வாக்கியிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. வேகமான பயணிகள் கப்பல் ஒன்று கோடையில் எதிர்க்கரையிலுள்ள மஸ்கீகனுக்குப் போகிறது, அதற்கே இரண்டரை மணி நேரம் ஆகிறது. அலை அடிக்கும், புயல் வரும், கப்பலும் மூழ்கும். 1860 செப்டம்பரில் 'லேடி எல்ஜின்' என்ற நீராவிக் கப்பல் சிகாகோவிலிருந்து ராத்திரி திரும்பி வரும்போது ஒரு பாய்க்கப்பல் மோதி முங்கிப்போனது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மில்வாக்கியின் ஐரிஷ்காரர்கள். ஒரே பேட்டையில் வீட்டுக்கு வீடு இழவு. உப்பு இல்லை என்பதைத் தவிர, கடலில் உள்ள எல்லாம் அந்த ஏரியில் உண்டு.

இப்போது கப்பல் எப்படி வருகிறது என்பது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 176 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் நயாகரா அருவி வேறு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் கப்பல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறி, லாக் என்று சொல்லும் பெரிய தொட்டிகளில் ஒவ்வொன்றாக நுழையும். பின் கதவை அடைத்துத் தண்ணீரை நிரப்புவார்கள். கப்பல் மிதந்தபடி மேலே எழும்பும். முன் கதவைத் திறந்து அடுத்ததற்கு விடுவார்கள். மாண்ட்ரியலிலிருந்து ஒன்டாரியோ ஏரி வரை ஏழு, அருவியைச் சுற்றிக்கொண்டு போகும் வெல்லண்ட் கால்வாயில் எட்டு. அதைத் தாண்டி ஈரி, ஹூரன் ஏரிகள் வழியாக மிச்சிகனுக்கு வர மேற்கொண்டு லாக் இல்லை. இந்தப் பாதை முழு அளவில் திறந்தது 1959இல். ஏரிகளுக்குள்ளேயே ஓடும் கப்பல் போக்குவரத்து அதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே உண்டு. குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை லாக்குகளை மூடிவிடுவார்கள்.

துறைமுகம் என்றதும் நமக்குத் தூத்துக்குடியும் கொச்சியும்தான் ஞாபகத்துக்கு வரும். பனியன் பெட்டி அடுக்கின கண்டெய்னர், கிரேன், லாரி வரிசை. மில்வாக்கியில் அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்த லாக்குகளில் 225 மீட்டர் நீளத்துக்கு மேல், 24 மீட்டர் அகலத்துக்கு மேல் உள்ள கப்பல் நுழையாது. இன்றைய பெரிய கண்டெய்னர் கப்பல்களுக்கு அது போதாது. ஆகவே மொத்தச் சரக்குதான்: சிமென்ட், சுண்ணாம்புக்கல், இரும்பு, தானியம், ரயிலில் ஏற்ற முடியாத ராட்சத இயந்திரங்கள். எல்லாவற்றையும் விட உப்பு. பனிக்காலத்தில் ரோட்டில் போடுவதற்கான கல் உப்பு கப்பல் கப்பலாக வந்து, ஜோன்ஸ் ஐலண்ட் என்ற மண்திட்டில் குன்று குன்றாகக் கொட்டிக் கிடக்கும். உங்கள் கம்பெனி கியர்பாக்ஸை அனுப்பினால் அது பெரும்பாலும் கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் இறங்கி ரயிலிலோ லாரியிலோதான் வந்து சேரும்.

அப்படியானால் துறைமுக நகரம் என்று ஏன் சொல்கிறார்கள்? ஊர் பிறந்தது துறைமுகத்தால். ஆனால் பிழைத்தது பட்டறையால். இதைப் புரிந்துகொண்டால் மில்வாக்கி பாதி புரிந்துவிடும், அதுவும் கோயமுத்தூர்க்காரனுக்குச் சீக்கிரமே புரியும்.

மில்வாக்கி, மெனாமனி, கின்னிகினிக் என்று மூன்று ஆறுகள் கூடி ஏரியில் விழும் இடம் அது. பொட்டவாட்டமி, மெனாமனி முதலான பழங்குடி மக்கள் மீன் பிடித்தும், சதுப்பில் தானாக விளையும் காட்டரிசியை அறுத்தும் வாழ்ந்த நிலம். 1830களில் அவர்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் நிலத்தை வாங்கியதும் மூன்று பேர் மூன்று ஊர் போட்டார்கள். ஆற்றுக்குக் கிழக்கே சாலமன் ஜூனோ, மேற்கே பைரன் கில்போர்ன், தெற்கே ஜார்ஜ் வாக்கர். ஜூனோவும் கில்போர்னும் பரம வைரிகள். கில்போர்ன் தன் ஊருக்கு வீதி போடும்போது எதிர்க்கரை வீதிகளோடு சேராதபடி வேண்டுமென்றே தள்ளிப் போட்டார் என்பார்கள். ஆற்றின் மேல் பாலம் கட்டச் சொன்னதும் யார் செலவு, யாருக்கு லாபம் என்று தகராறு முற்றி, 1845இல் ஆளாளுக்குப் பாலத்தை உடைத்தார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் பழைய பீரங்கி ஒன்றை இழுத்துவந்து கில்போர்ன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்களாம். அவர் வீட்டில் அன்று மகள் இறந்த செய்தி வந்ததால் சுடாமல் விட்டார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. இப்படியே போனால் உருப்படாது என்று 1846 ஜனவரியில் மூன்றையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். ஜூனோதான் முதல் மேயர். பங்காளிச் சண்டையின் அடையாளத்தை இன்றும் காரில் போகும்போதே பார்க்கலாம்: ஊர் நடுவில் பல பாலங்கள் ஆற்றைச் சாய்வாகத் தாண்டுகின்றன, இரண்டு பக்க வீதியும் நேருக்கு நேர் வராததால்.

1825இல் ஈரி கால்வாய் திறந்தபிறகு நியூயார்க்கிலிருந்து பஃபலோ வரை படகில் வந்து, அங்கிருந்து கப்பலேறி மில்வாக்கியில் இறங்குவது குடியேறிகளுக்கு வழக்கமானது. ஜெர்மானியர்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். 1848இல் ஜெர்மன் நாடுகளில் நடந்த புரட்சி தோற்றதால் தப்பி வந்த படித்தவர்களும் அதில் உண்டு. பின்னால் போலந்துக்காரர்கள். வந்தவர்கள் மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தின் காட்டைத் திருத்திக் கோதுமை விதைத்தார்கள். 1860களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகக் கோதுமை கப்பலேறிய இடம் மில்வாக்கிதான். 1879இல் கட்டிய தானியச் சந்தைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. உள்ளே வியாபாரிகள் நின்று கூவி ஏலம் பேசுவதற்கென்று படிப்படியாக இறங்கும் எண்கோணக் குழி. ஈரோட்டு மஞ்சள் மண்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூச்சலை மனதில் கொண்டுவருவது சிரமமில்லை.

அந்தக் கோதுமை நிலைக்கவில்லை. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விதைத்ததில் மண் சோர்ந்தது, பூச்சி விழுந்தது, இன்னும் மேற்கே மினசோட்டா, டகோட்டா பக்கம் புது நிலம் திறந்தது. விஸ்கான்சின் விவசாயி மாடு வாங்கினான். இன்று அந்த மாநிலம் சீஸுக்குப் பேர்போனது என்றால் அதன் தொடக்கம் இங்கேதான். துறைமுகம் மட்டுமே இருந்திருந்தால் மில்வாக்கி அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கோதுமை இருந்த காலத்தில் அதை அரைக்கும் மில்லுக்கு இயந்திரம் செய்ய ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. எட்வர்ட் அல்லிஸ் என்பவர் 1861இல் ஒரு நொடிந்த பட்டறையை வாங்கி மாவு மில் சாமான், மரம் அறுக்கும் இயந்திரம், நீராவி எஞ்சின், தண்ணீர் இறைக்கும் பம்ப் என்று விரித்துக்கொண்டே போனார். 1877இல் எட்வின் ரெனால்ட்ஸ் என்ற எஞ்சினியர் வந்து சேர்ந்தபின் உலகமே அந்த எஞ்சின்களை வாங்கியது. 1901இல் அது அல்லிஸ்-சால்மர்ஸ் ஆனது. மேற்கே அதன் பேரிலேயே ஒரு நகரம் இருக்கிறது, வெஸ்ட் அல்லிஸ்.

நம் ஊர்க் கதையும் இதேதானே. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, பைகாரா கரண்ட் 1930களில் வந்ததும் மில்கள் பெருகின, மில்லுக்கு ஸ்பேர் செய்யப் பட்டறை வந்தது, கிணற்றுக்குப் பம்ப் வேண்டும் என்று மோட்டாரும் வார்ப்பும் வந்தன. எத்தனையோ மில் மூடிவிட்டது. பட்டறை இருக்கிறது.

பம்ப் என்றதும் ஒரு இடம் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் சிவந்த செங்கல் இல்லாத, வெளிர்மஞ்சள் நிறச் செங்கல் கட்டடம் ஒன்று, இப்போது காபிக்கடை. 1888இல் அதை ஆறு கழுவும் நிலையமாகக் கட்டினார்கள். பியர் ஆலை, தோல் ஷாப்பு, கசாப்புக் கூடம் எல்லாம் கழிவை ஆற்றில் விட்டு நாற்றம் பொறுக்க முடியாமல் போனபோது, ஏரித் தண்ணீரை இறைத்துச் சுரங்கக் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் தள்ளி அழுக்கைக் கீழே ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். பம்ப் வடிவமைத்தது ரெனால்ட்ஸ், செய்தது அல்லிஸ் பட்டறை. ஒரு நாளைக்கு 50 கோடி கேலனுக்கு மேல் தள்ளும் திறன். கிணற்று பம்ப் மாதிரி உயரத்துக்கு ஏற்றுகிற வேலை அதற்கு இல்லை. ஏரி மட்டமும் ஆற்று மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கப்பலின் விசிறியைப் போன்ற பெரிய திருகு இறக்கையைச் சுரங்கத்துக்குள் வைத்து, குறைந்த உயரம், ஏராளமான கொள்ளளவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பம்ப் தெரிந்த ஆளுக்கு இந்த யோசனை ரசிக்கும். காபியை வாங்கிக்கொண்டு பம்பைப் போய்ப் பாருங்கள். என்ன, அழுக்கை அகற்றவில்லை, ஏரிக்குத் தள்ளினார்கள். குடிக்கும் தண்ணீர் எடுப்பதும் அதே ஏரியில்தான். அந்த வினை பின்னால் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பியர் விஷயம். கேட்டவர் குடிப்பாரா மாட்டாரா எனக்குத் தெரியாது, கதை தெரிந்திருக்கட்டும். ஜெர்மானியருக்கு லாகர் பியர் வேண்டும். அதைக் குளிரில்தான் நொதிக்க விடவேண்டும். குளிர்காலத்தில் ஆற்றிலும் ஏரியிலும் பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்துச் சேமிக்கலாம், பார்லி பக்கத்திலேயே விளைகிறது, கப்பலும் ரயிலும் இருக்கிறது. 1871இல் சிகாகோ எரிந்தபோது அங்குள்ள ஆலைகளும் போயின. மில்வாக்கிக்காரர்கள் தெற்கே பீப்பாய் பீப்பாயாக அனுப்பிச் சந்தையைப் பிடித்தார்கள். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் நான்கும் பெரிய பெயர்கள். இதில் ஃபிரெடரிக் பாப்ஸ்ட் ஏரிக் கப்பலின் கேப்டனாக இருந்தவர். பியர் ஆலை முதலாளி மகளைக் கட்டி, பிறகு கப்பலை விட்டுவிட்டு மாமனார் தொழிலுக்கு வந்தவர். கடைசி வரை ஊர் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டது. 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அதைத் தாண்டிப் பிழைத்தவை பிற்பாடு போட்டியில் விழுந்தன. ஷ்லிட்ஸ் ஆலை 1981இலும் பாப்ஸ்ட் ஆலை 1996இலும் மூடப்பட்டன. 1855இல் தொடங்கிய மில்லர் மட்டும் இன்று வேறு கம்பெனிக்குக் கீழே ஓடுகிறது. மூடிய பாப்ஸ்ட் வளாகத்தில் இப்போது ஓட்டல், வாடகைக் குடியிருப்பு, ஆபீஸ்.

உங்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது ஃபால்க் குடும்பம். ஃபிரான்ஸ் ஃபால்க் பியர் ஆலைக்காரர். ஆலை தீப்பிடித்து எரிந்தபிறகு தொழில் பாப்ஸ்ட் கைக்குப் போனது. மகன் ஹெர்மன் ஃபால்குக்கு இயந்திரத்தில்தான் ஆசை. மெனாமனி பள்ளத்தாக்கில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். டிராம் தண்டவாளத்தை வார்ப்பு இரும்பால் இணைக்கும் வேலையில் தொடங்கி, கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் பெரிய கியர் வெட்டும் தொழிற்சாலையாக அது வளர்ந்தது. சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலை கியர்பாக்ஸ் பார்த்த மெக்கானிக்குகளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 2006 டிசம்பரில் அங்கே எரிவாயுக் கசிவு வெடிப்பில் மூன்று பேர் இறந்தார்கள்.

மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஆங்கிலம் தட்டும் 'குவெர்ட்டி' எழுத்து வரிசை இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் செய்த தட்டச்சுப்பொறியிலிருந்து வந்தது, காப்புரிமை 1868. ஹார்லி-டேவிட்சன் மோட்டார்சைக்கிள் கம்பெனி 1903இல் டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பதினைந்தடி மரக் கொட்டகையில் ஆரம்பித்தது. படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை ஓலே எவின்ரூட் இங்கேதான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏ.ஓ. ஸ்மித் கம்பெனி 1921இல் கார் சேஸிஸை ஆள் கை படாமல் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வரை செய்யும் ஆலையைப் போட்டது. இன்று அந்தப் பெயரை நீங்கள் பாத்ரூம் ஹீட்டரில் பார்க்கலாம். ஆலன்-பிராட்லி பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தெரியாத மெயின்டனன்ஸ் ஆள் கோவையில் இருக்க மாட்டான். அதன் தலைமைக் கட்டடத்தில் நான்கு பக்கமும் கடிகாரம் வைத்த கோபுரம் 1962இலிருந்து நிற்கிறது. மெக்காவின் கடிகாரக் கோபுரம் வரும்வரை நான்கு முகக் கடிகாரத்தில் உலகிலேயே பெரியது அதுதான்.

தொழில் இருந்தால் தொழிலாளியும் இருப்பான். 1886 மே 5ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை கேட்டு பே வியூ இரும்பு ஆலையை நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள் மேல் மாநிலப் படை சுட்டது. குறைந்தது ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும் உண்டு. பெரும்பாலும் போலந்துக்காரர்கள். 1946இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேரை மறக்காத ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் முதன்முதலாக ஒரு சோசலிஸ்டை மேயராக்கியது மில்வாக்கி, 1910இல், எமில் சீடல். அடுத்து டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை 24 வருஷம். பிறகு ஃபிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை. வாய்ச்சொல் புரட்சிக்காரர்கள் இவர்களைச் 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்று கேலி செய்தார்கள். இவர்களோ, ஆமாம், சாக்கடைதான் கட்டினோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். குடிநீர், கழிவுநீர், பூங்கா, துறைமுகம், லஞ்சம் வாங்காத நகராட்சி. ஏரிக்கரையில் மைல் கணக்கில் பணக்காரன் வேலி போடாமல் எல்லாருக்கும் நடக்க இடம் இருக்கிறது என்றால் அதில் இவர்கள் பங்கு பெரிது. எந்தக் கொள்கை என்பது கிடக்கட்டும். சாக்கடை கட்டுவதைக் கௌரவமாக நினைத்த அரசியல்வாதியை எனக்குப் பிடிக்கும்.

அந்தச் சாக்கடையில்தான் ஊரின் ஆகச் சுவாரசியமான தொழிற்சாலை இருக்கிறது. ஜோன்ஸ் ஐலண்டில் 1920களின் நடுவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்து, அவை அழுக்கைத் தின்றபின் அடியில் தங்கும் வண்டலைப் பிரித்தெடுப்பது முறை. தங்கிய வண்டலை என்ன செய்வது? காயவைத்து, குருணையாக்கி, மூட்டை பிடித்து 1926இலிருந்து உரமாக விற்கிறார்கள். மில்லார்கனைட் என்று பெயர். தழைச்சத்து மெதுவாக இறங்கும் என்பதால் கோல்ஃப் மைதானக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். இன்றும் கடையில் கிடைக்கிறது. 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூர் பட்ட பாட்டைப் பார்த்தவன், ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவன், அந்த மூட்டையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வரமாட்டான். ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடம் வேண்டும் என்று, பால்டிக் கடற்கரையிலிருந்து வந்து அந்தத் திட்டில் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த கஷூபியர்களைப் படிப்படியாக வெளியேற்றினார்கள். 1940களில் கடைசி ஆளும் போனார். இப்போது ஒரு மரமும் நாலு பெஞ்சுமாகச் சின்னப் பூங்கா மட்டும் அவர்கள் பேரில் இருக்கிறது.

சரி, வினை வந்த கதை. 1993 வசந்தத்தில் நகரின் தெற்குக் குடிநீர் நிலையத்தின் வடிகட்டலைத் தாண்டி கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் வந்துவிட்டது. குளோரினுக்கு அது சாகாது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பலர் இறந்தார்கள். அமெரிக்காவில் பதிவான குடிநீர் நோய்ப் பரவல்களில் அதுதான் பெரியது. அதன்பிறகு ஓசோன் சுத்திகரிப்பு வந்தது, ஏரிக்குள் தண்ணீர் எடுக்கும் குழாயை இன்னும் தூரத்துக்கு நீட்டினார்கள். அடிபட்ட ஊர் இன்று தண்ணீரையே தொழிலாக்கிக்கொண்டது. தண்ணீர் மீட்டர், வால்வு, பம்ப், ஹீட்டர் செய்யும் பழைய கம்பெனிகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013இல் ஒரு பழைய கிடங்கில் நீர்த் தொழில்நுட்ப மையம் திறந்தார்கள். நன்னீர் அறிவியலுக்கென்றே தனிப் பள்ளி பல்கலைக்கழகத்தில் உண்டு. கோவைப் பம்ப்காரர்கள் இன்னும் நிறையப் பேர் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஏரிக்கும் கேடு வந்தது. 1959இல் கடல் கப்பலுக்குக் கதவு திறந்தபோது, கப்பல் நிலையாக மிதப்பதற்காக அடியில் நிரப்பும் தண்ணீரோடு வெளிநாட்டு உயிர்களும் ஏறி வந்தன. 1980களின் கடைசியில் வரிக்குதிரைச் சிப்பி வந்து குழாய்களை அடைத்தது, பிறகு இன்னொரு வகை ஏரி முழுக்கப் பரவி மீன் குஞ்சுக்கான உணவை வடிகட்டித் தின்றது. தண்ணீர் பளிங்காகத் தெரிகிறது, மீன் குறைந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவல் சாப்பிடுவது ஊர் வழக்கம், கத்தோலிக்கர்கள் பழக்கிவிட்டது. தட்டில் வருவது இப்போது பெரும்பாலும் வெளியூர் மீன்தான்.

அழகான ஊர்தான், ஆனால் ஒரு வடு உண்டு. தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் வடக்குப் பக்கம் ஒரே பகுதிக்குள் அடைக்கப்பட்டார்கள்; வேறு இடத்தில் வீடு தரமாட்டார்கள். நகர்மன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் வெல் ஃபிலிப்ஸ் 1962இல் கொண்டுவந்த சட்டத்துக்கு அவர் ஓட்டைத் தவிர ஒரு ஓட்டும் விழவில்லை. 1967 ஆகஸ்ட் கடைசியில், பாதிரியார் ஜேம்ஸ் கிராப்பியோடு இளைஞர்கள் பள்ளத்தாக்கின் மேலுள்ள 16ஆவது வீதிப் பாலத்தைத் தாண்டி வெள்ளையர் பகுதிக்குள் நடந்தார்கள். கல்லும் பாட்டிலும் விழுந்தது. விடாமல் 200 ராத்திரி நடந்தார்கள். 1968இல் சட்டம் வந்தது. ஆனாலும் ஆலைகள் மூடியதில் முதலில் வேலை போனது அந்தப் பகுதிக்குத்தான். 1960இல் 7.4 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2020இல் 5.8 லட்சத்துக்கும் கீழே. நிறத்தால் பிரிந்து கிடக்கும் அமெரிக்க நகரங்களைப் பட்டியலிட்டால் இன்றும் மில்வாக்கி மேலே வரும். வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்கும் ஊரிலிருந்து போகிறவர்கள் இதைப் பார்த்து "ச்சீ, என்ன ஜனங்கள்" என்று சொல்ல அவசரப்பட வேண்டாம்.

2012 ஆகஸ்ட் 5ஆம் தேதி தெற்குப் புறநகர் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு ஆறு பேரைக் கொன்றான். மறைக்காமல் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. அன்றாடம் பழகும் மக்கள் நல்லவர்கள், அதிகம் பேசாத, வேலையில் கறாரான ஆட்கள்.

போனால் என்ன பார்ப்பது? ஏரிக்கரைக் கலை அருங்காட்சியகம், 2001இல் கலட்ராவா என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பகுதி. கூரை மேல் இரண்டு பெரிய வெள்ளை இறக்கை, காலையில் விரிந்து சாயங்காலம் மடங்கும், காற்று பலமாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளும். அந்த அசைவு எப்படி நடக்கிறது என்று பார்க்க உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மணி நேரம் பத்தாது. போலந்துத் தொழிலாளிகள் சிகாகோவில் இடித்த தபால் நிலையக் கல்லை வாங்கிவந்து கட்டி 1901இல் முடித்த செயின்ட் ஜோசஃபட் தேவாலயம். 1968இல் தொடங்கி, இப்போது கோடையில் ஏரிக்கரையில் நடக்கும் சம்மர்ஃபெஸ்ட் பாட்டுக் கச்சேரித் திருவிழா. மெனாமனி பள்ளத்தாக்கில் பட்டறைகள் இருந்த இடத்தில் சைக்கிள் பாதையும் ஹார்லி மியூசியமும் இருக்கின்றன. பொட்டவாட்டமி மக்கள் அதே பள்ளத்தாக்கில் சூதாட்ட விடுதி நடத்துகிறார்கள், நிலத்தை இழந்தவர்கள் இன்று அங்கே நல்ல முதலாளிகள்.

குளிர் கடுமை. ஜனவரியில் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போகும் நாட்களும் உண்டு. ஜாக்கெட்டை இங்கே வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். மே, ஜூன் மாதங்களில் ஊர் உள்ளே வெயில் அடிக்கும்போதும் ஏரிக்கரையில் சட்டென்று குளிரும். வீடு பார்க்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள். கோயில் மேற்கே பெவாக்கியில் இருக்கிறது, காரில் அரை மணி நேரம். நம் ஊர்ச் சாமான் நிறைய வேண்டுமென்றால் சிகாகோவின் டெவன் வீதிக்குப் போக வேண்டும். மில்வாக்கியிலிருந்து சிகாகோவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். குளிரில் இட்லி மாவு புளிக்காது. ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் புளிக்கும். கிரைண்டர் கொண்டுபோவதானால் அங்கே கரண்ட் 120 வோல்ட் (110 என்றும் சொல்வார்கள்), 60 ஹெர்ட்ஸ் என்பதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கோயமுத்தூரிலேயே அதற்கென்று தனியாகச் செய்கிறார்கள்.